கொட்டாத பாட்டில்

"தப்பு என் மேலதான் சார். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

மெக்கானிக் இப்படி மடமடவென்று ஒப்புக்கொள்வார் என்று விசாரணை அதிகாரி எதிர்பார்க்கவில்லை. இருபது வருடமாக அவர் பார்த்ததெல்லாம் அடுத்தவரைக் கைகாட்டுகிறவர்களைத்தான்.

"அப்படி என்ன தப்பு?"

"கிளம்பறதுக்கு முன்னாடி டேங்க்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கணும். அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டேன். அதான் நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு."

"வேலை போயிடும். கம்பி எண்ணவும் வேண்டி வரலாம்."

"பரவாயில்ல சார். பைலட் லைசென்ஸ்ல மட்டும் கைவெச்சுடாதீங்க."

அந்தச் சின்ன சரக்கு விமானம் கடலில் விழுந்து நாலு நாளாகிறது. தனியாக ஓட்டி வந்த விமானியை ஒரு மீன்பிடிப் படகு காப்பாற்றியது. இப்போது தோளில் கட்டுடன் ஆஸ்பத்திரியில்.

அதிகாரி எழுந்துபோய் விமான ஷெட்டின் மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் டேங்கிலிருந்து கொஞ்சம் எரிபொருளைப் பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி வைப்பார்கள். விமானம் திரும்பி வந்ததும் கொட்டிவிடுவார்கள். அந்த ஷெட்டின் வழக்கம் அது. ஒரு பாட்டில் மட்டும் கொட்டாமல் இருந்தது.

"அன்னிக்குத் தேதி, உங்க கையெழுத்து. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஏன் பொய் சொல்றீங்க?"

மெக்கானிக் பாட்டிலை வாங்கித் தன் கையெழுத்தையே பார்த்தார்.

"இன்னொரு கூத்தும் கேளுங்க. காலையில பைலட்டும் இதே பாட்டுதான். 'அந்த மனுஷன் மேல தப்பே இருக்காது, நான்தான் காலி டேங்குக்கு மாத்திட்டேன்'னு அடிச்சுச் சொல்றாங்க. விமானத்தைக் கடல்லேருந்து எடுத்துப் பார்த்தா டேங்க் மாத்தற சுவிட்ச் சரியாத்தான் இருக்கு. இன்ஜினுக்குள்ள ஒரு பாகம் உடைஞ்சிருக்கு. செஞ்ச இடத்துலயே வந்த குறை. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, போதுமா?"

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நான் கிளம்பட்டுமா சார்? நாளைக்குக் கோர்ட்டுல ஒரு கேஸ் வருது. தள்ளிவைக்கச் சொல்லி வக்கீலைப் பார்க்கணும்."

"உங்களுக்கா? என்ன கேஸ்?"

"விவாகரத்து சார். ரெண்டு வருஷமா இழுக்குது. எல்லாத் தப்பும் என் மேலதான்னு அவ சொல்றா, அவ மேலதான்னு நான் சொல்றேன்" என்றவர், கதவருகே நின்று திரும்பினார். "தோள்ல கட்டோட அவளைக் கோர்ட்டுக்கு இழுக்க வேணாம்னு பார்க்கறேன் சார்."