ராட்டினத்தின் உச்சியில்

பெட்டி உச்சியில் நின்றுவிட்டது.

தனக்கொடி கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். கீழே பொருட்காட்சித் திடலில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. யாரோ இறங்குகிறார்கள், யாரோ ஏறுகிறார்கள். அதுவரை மேலே இருப்பவர்கள் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான்.

காற்றுக்குப் பெட்டி லேசாக ஆடியது.

பக்கத்தில் இருந்தவன் அவள் விரல்களைப் பார்த்தான். கணுக்கள் வெளுத்திருந்தன.

"கையப் புடிச்சுக்கட்டுமா?" என்று தன் கையைப் பாதி நீட்டிக் கேட்டான்.

மாசிலாமணி அவள் கணவன். கல்யாணமாகி ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. தாலி கட்டும்போது பின்கழுத்தில் பட்ட விரலைத் தவிர, இதுவரை அவளை அவன் தொட்டதில்லை.

கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

தனக்கொடிக்கு வாய் வரை ஒரு சொல் வந்தது.

சரி.

அதை அப்படியே விழுங்கினாள்.

அது பழைய வீட்டின் சொல். முதல் கல்யாணத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சொல். அங்கே யாரும் எதையும் கேட்டதில்லை. விளக்கு அணையும். அவள் சரி என்பாள். காய்ச்சல் அடித்தாலும் சரி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உடம்புக்குத் தெரியும்.

ஒரு முறை வேண்டாம் என்றாள். மணிக்கட்டு முறிந்தது.

கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீல் நிதானமாகத்தான் கேட்டார்.

"மத்த நாள்ல எல்லாம் சரின்னு சொன்னீங்களா, இல்லையாம்மா?"

"சொன்னேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே இருந்தது. அதை வைத்து விவாகரத்து கிடைத்தது. மற்ற நாட்களுக்குக் காட்ட எதுவும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்ததற்கு பலாத்காரம் என்று பெயர் சொல்லி வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று அவளுடைய வக்கீலே கையை விரித்துவிட்டார்.

மாசிலாமணியை அக்காதான் பார்த்துப் பேசி முடித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்முன் ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டதா?" என்று நாளெல்லாம் கேட்கிற ஆள்.

கல்யாணத்தன்று பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கலாம். தோணலேன்னாலும் ஒண்ணுமில்ல."

அன்று அவள் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள். அப்படித் தூங்கி வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

பிறகு தாழ் போடுவதை விட்டாள்.

பிறகு கதவைச் சாத்துவதையும் விட்டாள்.

அவன் வரவில்லை.

குளித்துவிட்டு வருகிறவனின் முதுகில் துடைக்காமல் விட்ட ஈரம். சட்டைக் கையை மடித்துவிட்ட இடத்தில் தெரியும் நரம்பு. சோற்றைப் பிசையும் விரல்கள். களவாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். காலையில் அவன் எழுந்து பல் தேய்க்கப் போனதும், பாயில் மிச்சமிருக்கும் சூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழாய்ச் சத்தம் நின்றால் எழுந்துவிடுவாள்.

ஒருவேளை என்னைப் பிடிக்கவில்லையோ.

தோன்றினால் சொல்லச் சொன்னான். எதைச் சொல்லிச் சொல்வது? வேண்டாம் என்பதையே ஒரு முறைதான் அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மற்றதை அவளிடம் யாரும் எதிர்பார்த்தது கூட இல்லை.

பெட்டி ஆடிக்கொண்டே இருந்தது.

அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்து மாசிலாமணி தலையசைத்தான். முகத்தில் கோபம் இல்லை.

"பரவால்ல. கம்பியவே கெட்டியாப் புடிச்சுக்கங்க. இப்ப எறங்கிரும்."

கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அந்தக் கை விலகிப் போனதும் அவளுக்குள் எதுவோ விழித்துக்கொண்டது. பயம் இல்லை. பயத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இது பசி மாதிரி இருந்தது.

கீழே ஜெனரேட்டர் இரைந்தது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமியது.

"வேணும்," என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்று காதைச் சாய்த்தான்.

"எனக்கு வேணும்!"

கத்தியே விட்டாள். முன்பெட்டியில் இருந்த காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த பெட்டியில் ஒரு குழந்தை, என்ன ஏதென்று தெரியாமல், தனக்கும் வேணும் என்று அழத் தொடங்கியது.

மாசிலாமணி சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து இருவருக்கும் நடுவில் வைத்தான். அங்கேயே வைத்திருந்தான்.

அவள்தான் பிடித்தாள்.

அவன் கை சில்லென்று இருந்தது. வேர்த்து நனைந்திருந்தது.

அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு வெளிறிப்போயிருந்தது. கண் கீழே பார்க்க மறுத்தது.

"உங்களுக்கா பயம்?"

"சின்ன வயசுல இருந்தே," என்றான். "நீங்க ராட்டினத்தையே பாத்துட்டு நின்னீங்க. அதான் டிக்கெட் எடுத்தேன்."

ராட்டினம் ஒரு குலுங்கு குலுங்கி இறங்கியது. மறுபடி ஏறியது. எத்தனை சுற்று என்று அவள் பார்க்கவில்லை.

நின்றதும் ராட்டினக்காரன் வந்து கொக்கியைக் கழற்றினான்.

அவள் எழவில்லை. மாசிலாமணியின் விரல்களுக்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"இன்னொரு சுத்து போவமா?" என்று அவனிடம் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அய்யய்யோ, வேணாங்க," என்றான் மாசிலாமணி. "தல கிறுகிறுங்குது."

வேண்டாம் என்பதை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

முதலில் அவள் இறங்கினாள். திரும்பி நின்று, மற்ற கையையும் நீட்டினாள்.