ஆரஞ்சுப் பிடிக் கத்திரி

காரோடு ஊரிலுள்ள வீட்டின் கட்டிலில் பிற்பகல் வெயில். பின்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஜெஸ்மி, லீவுக்குக் கொண்டுவந்த பரிசுகளை அதில் பரப்புகிறாள்: பெரிய சிவப்புப் பூப்போட்ட துணி, அலையலையாய் வளைந்த நீலக் கண்ணாடிப் பூச்சாடி, ஆரஞ்சுப் பிடி போட்ட கத்திரி. கத்திரியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை மூளும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அதைக் கவனமாகக் கீழே வைக்கிறாள். "மைனி, பிடிச்சத எடுங்க." அண்ணன் மனைவி லிஜி பூச்சாடியை ஜன்னலோரம் தூக்கிப் பார்க்கிறாள். கண்ணாடியின் நீலம் அவள் கன்னத்தில், நேற்றைய அடி கன்றிய நீலத்தின் மேல் விழுந்து நடுங்குகிறது. மதியத் தூக்கம் கெட்ட வெறியில் அண்ணன் எபின் உள்ளே வருகிறான். "பொம்பளைகளுக்கு மட்டுமாக்கும் சாதனம்?" பூச்சாடியைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கிறான். சில்லுகள் துணியின் பூக்களுக்குள் தெறிக்கின்றன. லிஜியின் முடியைக் கையில் சுருட்டி, தலையைக் கட்டில் சட்டத்தில் மோதுகிறான். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?" "அண்ணா, மைனிய விடு!" அவன் விடவில்லை, மறுபடியும் மோதுகிறான். லிஜியின் கை சில்லுகளுக்கு நடுவே எதையோ துழாவுகிறது, விரலெல்லாம் ரத்தம். ஜெஸ்மி கத்திரியை எடுக்கிறாள். கீழே வைக்கவில்லை. அந்தக் கையிலேயே கொடுக்கிறாள்.