கையிருப்பு பூஜ்யம்

அழகப்பனைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது எட்மண்டுக்கு. ஆபத்துக்கு உதவும் மனிதர்கள் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நம்பினார்.

ஜூரோங்கில் அவர்கள் தொழிற்சாலையின் பெரிய மிஷின் காலையில் பேரிங் உடைந்து நின்றுவிட்டது. கொள்முதல் அதிகாரி எட்மண்ட் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் பயபக்தியோடு நுழைந்தார். மாதா கோயிலுக்குள்கூட அவர் சப்பாத்தோடுதான் போவார்.

'கையிருப்பு பூஜ்யம்' என்றது திரை. கம்ப்யூட்டரே சொன்னபிறகு அப்பீல் ஏது? ஸ்டோருக்குள் புகுந்து தேடுவதெல்லாம் இப்போது கௌரவக் குறைச்சல்.

மத்தியானத்துக்குள் மிஷின் ஓடாவிட்டால் கம்ப்யூட்டரும் வேண்டாம், அதை வாங்கச் சொன்ன எட்மண்டும் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போன வாரம் கை குலுக்கியதும் இதே முதலாளிதான். ஓராண்டாகக் கைபடாத சாமான்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்க, எட்மண்ட் அவற்றை ஒட்டுமொத்தமாக வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். என்னென்ன சாமான் என்று படித்துப் பார்க்கும் பழைய பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

பேரிங் ஜெர்மனியிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்று ஏஜெண்டுகள் கைவிரித்தார்கள். ஜாலான் புசாரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அழகப்பன் மட்டும், போன் போட்டதும் டாக்சி பிடித்து நேரில் வந்து நின்றார்.

"அந்த நம்பர் பேரிங் என்கிட்ட இருக்கு சார். பத்து நிமிஷத்துல கையில கொடுத்துடுறேன். ஆனா, விலையில பேரம் கிடையாது."

"பத்து நிமிஷத்துலயா? லாரி வாடகை எவ்வளவு?"

"உங்களுக்குப் போய் லாரி வாடகை வாங்குவேனா சார்?"

"மனுசன்னா நீங்கதான்லா, அழகப்பன்!"

அழகப்பன் சொன்ன விலையைக் கேட்டால் வாங்குகிறவன் மயங்கி விழ வேண்டும்; கம்ப்யூட்டர் அசரவில்லை. ஆர்டரைக் கடகடவென்று அச்சடித்துத் துப்பியது.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அழகப்பன் கிளம்பினார். கேட்டுக்குப் போகாமல் கட்டடத்தின் பின்பக்கமாக நடந்தார்.

"அழகப்பன், கேட் அந்தப் பக்கம்லா!"

"சாமான் இந்தப் பக்கம் இருக்கு சார். போன வாரம் நீங்க எனக்கு வித்ததை, நான் இன்னும் உங்க ஸ்டோரை விட்டு எடுக்கவே இல்லையே!"