சங்குப் புள்ளிகள்

சிம்மக்கல் மாடியறையில் அந்த பேஸ் கிட்டார் கைக்குக் கை மாறியது. சுர இடங்களைப் பிரித்துக் காட்டும் ஃப்ரெட் கம்பிகளே இல்லாத வழுவழுப்பான கழுத்து. எங்கே விரல் வைக்க வேண்டும் என்று காட்ட, ஓரத்தில் பதித்த சங்குப் புள்ளிகள் மட்டும்தான்.

"என்னா இழைப்புடா மாப்ள! வெண்ணெயாட்டம் வழுக்குது," என்றார் இசைக்குழு நடத்தும் அழகுராஜா.

அவர் குழுவில் பேஸ் வாசிக்க ஒரே இடம்தான் காலி. அதற்கு முத்திருளனும் பாண்டீஸ்வரியும் போட்டி. அவள் கேட்டாள் என்பதற்காக, போட்டிக்கு நிற்பவள் என்றும் பாராமல், இந்தக் கிட்டாரை ஆறு மாதம் இழைத்து இன்றுதான் அவள் கையில் கொடுத்திருந்தான் முத்திருளன்.

"எம்புட்டுப் பெரிய மனசு!" என்று எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

பாண்டீஸ்வரி வாசித்தாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. முத்திருளன் முகம் வெளிறியது.

"புள்ளியெல்லாம் சரியா இருக்கா தங்கச்சி?" என்று கேட்டான்.

"புள்ளிய நான் எங்கண்ணே பாத்தேன்? கண்ண மூடிக்கிட்டுல்ல வாசிச்சேன்! அதப் பாத்து வாசிக்கிறவுக ஃப்ரெட் வச்சதையே வாங்கிட்டுப் போகலாம்ல."

அறையே சிரித்தது.

"இந்தா மாப்ள, இப்ப நீ வாசி," என்று அழகுராஜா அதையே அவன் மடியில் வைத்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே கிட்டாருன்னாத்தான் நியாயம். அதுவும் நீ செஞ்சதாச்சே!"

முத்திருளன் குனிந்து பார்த்தான். பன்னிரண்டு வருடத்தில் புள்ளியைப் பார்க்காமல் அவன் ஒரு சுரமும் பிடித்ததில்லை. பாண்டீஸ்வரி தடுமாற வேண்டும் என்றுதான் ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வோர் அளவு தள்ளிப் பதித்திருந்தான்.

எதை எவ்வளவு தள்ளினோம் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.