பேசக் கூடாத தெரு

"ஓடி வாங்க சார், தெருவ மூட ஆறே நிமிஷம்!"

கைடு வளர்மதியின் பின்னால் திருமாறன் ஓடினான். புதுச்சேரியின் அந்தத் தெருவில் டூரிஸ்ட்டுகள் பார்க்கும் காட்சிக்குத் தேர்வானவர்கள் மட்டுமே வசிக்கலாம். டூரிஸ்ட் அவர்களிடம் பேசினால் தெருவுக்குள் வர ஆயுள் தடை.

"பீச் வேணாம், லைட்ஹவுஸ் வேணாம். பன்னண்டாவது தடவையும் இதே வீடா?"

வளர்மதி கேட்டு முடிப்பதற்குள் அவன் அந்த வீட்டின் முன் போய் நின்றான்.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண் அவனைப் பார்த்தாள். சட்டென்று பக்கத்தில் இருந்த பூனையிடம் குனிந்தாள்.

"ஒம் புள்ளைக்கு நேத்து மொதப் பல்லு வந்துடுச்சு, தெரியுமா?"

பூனை மீன் தலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. திருமாறனின் தோள்கள் குலுங்கின.

"சம்சாரமா சார்?" வளர்மதி கிசுகிசுத்தாள்.

தலையாட்டினான்.

"லைட்ஹவுஸ் பக்கமா திரும்பி அழுங்க. இந்தப் பக்கம் கேமரா இருக்கு."