மூன்றாவது டிக்கெட்

இறுதி ஆட்டம் தொடங்கிவிட்டது. ஸ்டேடியம் வாசலில், தம்பியோடு ஆட்டம் பார்க்க வந்த நர்ஸின் போனில் டிக்கெட் திறக்கவேயில்லை.

“காகிதமா இருந்தா நீட்டிட்டுப் போயிருக்கலாம். இந்தப் போனோட மல்லுக்கட்டியே உயிர் போகுது,” என்று தம்பியிடம் பொருமினாள். எப்போதும் டிக்கெட் வாங்குவது அவர்கள் இருவருக்கும் மூத்த அக்காதான். அவள் இறந்தபின் இதுதான் முதல் ஆட்டம்.

வாசல்காரர் சிரித்தார். “எதுக்கும்மா டென்ஷன்? உங்க அக்கா இப்பத்தானே உங்களைக் கைகாட்டி, மூணு டிக்கெட்டும் குடுத்துட்டு உள்ள போனாங்க. போங்க.”

உள்ளே மூன்று இருக்கைகள்தான் காலி. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கைகள். நடுவிலிருந்தது மட்டும் விரிந்தே கிடந்தது. தம்பிக்கு உடம்பு சிலிர்த்தது. நர்ஸுக்கோ அப்பாடா என்றிருந்தது. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் அணி கோல் போட்டதும் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். நடு இருக்கையும் படக்கென்று மடங்கியது.