வெந்நீர் அக்கா

"மறுபடியும் சூடாயிடுச்சாம்!"

கணவர் வாக்கி டாக்கியை டொக்கென்று வைத்துவிட்டு பிரேக்கை மிதித்தார்.

முன்னால் போன பச்சை ஜீப், காலையிலிருந்து செய்ததுபோலவே ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புதரை ஒட்டிக் குறுக்கே நின்றது. ஓட்டி வந்த அக்கா இறங்கி பானெட்டைத் தூக்கினார். மற்ற வண்டிகளும் வரிசையாக நின்றன.

"வண்டியைப் பராமரிக்கத் தெரியாதவங்க எதுக்கு மலை தாண்டி வரணும்? வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே!"

அவர் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். சூடாகிற இன்ஜினைப் பார்த்தால், மாத்திரை சாப்பிடாத நோயாளியைப் பார்த்த டாக்டர் மாதிரி எரிச்சல் வரும்.

வாக்கி டாக்கியில் முதல் வண்டிக்காரரின் குரல் வந்தது. "வெந்நீர் அக்கா! டீ போடுற அளவுக்குச் சூடா, குளிக்கிற அளவுக்குச் சூடா?"

"உங்க தலையில ஊத்துற அளவுக்கு இருக்கு கேப்டன்!"

எல்லா வண்டிகளிலும் சிரிப்பு.

"இவருக்கு எதுக்கு 'பஞ்சர் கேப்டன்'னு பேரு வச்சாங்கன்னு தெரியல. டயரெல்லாம் புத்தம்புதுசா இருக்கு. பேரை அந்த ஜீப்புக்கு வச்சிருக்கலாம்" என்று திரும்பியவர், பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

அவள் எப்போதோ இறங்கிப் போயிருந்தாள்.

ஜீப்புக்கும் புதருக்கும் அந்தப்பக்கம் யார் கண்ணும் படவில்லை. கடவுள் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டியிலேயே ஊர் ஊராகப் போகிற இந்தக் கூட்டத்தோடு அவர்களுக்கு இதுதான் முதல் நாள். காலையில்தான் பழக்கம். அதற்குள் ஒருவர் வாக்கி டாக்கி கொடுத்தார், இன்னொருவர் மடக்கு நாற்காலி கொடுத்தார். மனுஷர்களைக் குறை சொல்ல முடியாது.

அவள் கவலை வேறு.

ஒர்க்‌ஷாப்பை மூடியதிலிருந்து கணவர் இந்த வேனைத்தான் இழைத்துக்கொண்டிருந்தார். கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, அலமாரி வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "ஊர் உலகமெல்லாம் இடம் கிடக்கு, அதுக்குன்னு வண்டிக்குள்ள ஒரு ரூமா?" என்றார். ஆம்பளைக்கு என்ன!

ஆபரேஷனுக்கு அப்புறம் அவளால் ரொம்ப நேரம் அடக்க முடிவதில்லை. நிற்க வேண்டுமென்றால் வாக்கி டாக்கியில் காரணம் சொல்லி நிற்பது இவர்கள் வழக்கம். இத்தனை வண்டி ஆம்பளைகளும் கேட்கிற மாதிரி இதைச் சொல்வதற்கு, நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம்.

அதனால் காலையில் எல்லோரும் நின்று டீ குடித்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. இன்றைக்குத் தாங்கினால் பார்ப்பது, இல்லையென்றால் திரும்பிவிடலாம் என்று சொல்லிவிடுவது.

சொன்னால் கேட்டுக்கொள்வார். சண்டை போடமாட்டார். வேனை விற்றுவிட்டு, மூடிய ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அவள் பயந்தது அதற்குத்தான்.

திரும்பி வந்து ஏறியபோது அவர் இன்னும் ஜீப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாவம், பழைய வண்டிங்க" என்றாள்.

"நம்மளுதும் பழசுதான். இது சூடாகுதா?"

சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டிகளை வட்டமாக நிறுத்தினார்கள். கணவர் டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

"எங்க போறீங்க?"

"இன்னிக்கு அதை ஒரு கை பாத்துடறேன். நாளைக்கு வழியில எங்கயும் நிக்காமப் போகலாம்."

ஜீப் நிற்காவிட்டால் அவள் எங்கே இறங்குவது! பின்னாலேயே ஓடினாள்.

"களைப்பா இருப்பீங்க, விடுங்களேன். அவங்க வண்டி, அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

அவர் கேட்டால்தானே! ஜீப் அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தார். "வேண்டாம் தம்பி" என்று அவர் எழுந்து வருவதற்குள் பானெட் திறந்துவிட்டது.

கணவர் டார்ச்சை அடித்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"அக்கா, ரேடியேட்டர் மூடியில புழுதி அப்படியே படிஞ்சிருக்கே. இன்னிக்கு இதை நீங்க திறக்கவே இல்லையே! தண்ணியும் குறையல. வண்டி தங்கமா இருக்கு. அப்புறம் எதுக்கு..."

"மெதுவாப் பேசுங்க தம்பி."

அக்கா பானெட்டை மூடினார். ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இப்பவாவது குடிம்மா. காலையில வேண்டாம்னு சொல்லிட்டே. மத்தியானம் தண்ணி கொடுத்தேன், அதையும் வாங்கிக்கல. பயப்படாம குடி. நாளைக்கும் என் வண்டி சூடாகும்."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கணவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமானது.

"ஏன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே! ஊர் உலகமெல்லாம் இடம் கிடக்குன்னீங்க."

அவர் டூல்ஸ் பெட்டியைச் சத்தம் வராமல் மூடினார்.

அவள் டீயைக் குடித்தாள். காலையிலிருந்து வறண்டு கிடந்த தொண்டையில் அது இறங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எனக்காக நாள் முழுக்க எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினீங்களே அக்கா. அந்தக் கேப்டன் 'வெந்நீர் அக்கா'ன்னு பேரே வச்சிட்டாரு."

அக்கா சிரித்தார். எதிரே தன் பெரிய வண்டிக்குப் பக்கத்தில், புதிதாக வந்த இவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கேப்டனை முகவாயால் காட்டினார்.

"முதல் தடவை வந்தப்போ நானும் உன்னை மாதிரி தண்ணி குடிக்காமத்தான் வந்தேன். அவருக்குப் 'பஞ்சர்'னு பேரு அப்பத்தான் வந்துச்சு."